ஒரிஜினல்தான், ஆனால் விலை சரியா? கிளிநொச்சியில் கைமாறிய பழைய ரோலெக்ஸ்: நிகழ்வு ஆய்வு

வன்னியில் விலை கூடிய மணிக்கூடு ஒன்று விற்பனைக்கு வந்தால் வாங்குபவர் முதலில் கேட்பது “ஒரிஜினலோ?” என்றுதான். பலர் அந்த ஒரு கேள்வியோடு நிறுத்தியும் விடுகிறார்கள். இங்கே நாம் பார்க்கும் மணிக்கூடு ஒரிஜினல். பெட்டியும் பத்திரமும் கூடவே இருந்தன. விற்றவர் பொய்யும் சொல்லவில்லை. இருந்தும், கேட்ட விலைக்கு வாங்கியிருந்தால் நாலு இலட்சம் ரூபாவுக்கு மேல் கைநட்டம். அந்த நாலு இலட்சம் எங்கே ஒளிந்திருந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதே இந்த ஆய்வு.

வாங்குபவர் கிளிநொச்சியில் அரிசி ஆலை நடத்துபவர். விற்பவர் நெடுங்காலமாக சுவிஸில் இருப்பவர், பரந்தனில் உள்ள உறவினர் வீட்டுக்கு லீவில் வந்திருந்தார். பொருள் ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட், மொடல் 16234: 36 மில்லிமீற்றர் எஃகு உடல், வெள்ளைத் தங்கத்தில் வரிவரியாகச் செதுக்கிய விளிம்பு வளையம், ஐந்து வரிசை ஜுபிலி செயின், உள்ளே 3135 இலக்க ஓட்டோமற்றிக் மெஷின். சுவிஸில் கூட வேலை செய்த ஒருவரிடமிருந்து, அவர் பாவித்ததை விலைக்கு வாங்கியது. கேட்ட விலை பதினாறரை இலட்சம்.

“தம்பி, பெட்டி இருக்கு, பேப்பர் இருக்கு. பிறகென்ன யோசினை?” என்பது விற்பவரின் பேச்சு. “யோசினை இல்லை அண்ணை. கழட்டிப் பாத்திட்டுக் காசு தாறன்” என்று வாங்குபவர் சொன்ன பதில்தான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. உறவுக்குள் நடக்கும் வியாபாரத்தில் இந்த வசனத்தைச் சொல்லப் பலருக்கு வாய் வராது. சொல்லத்தான் வேண்டும். இது ஆளைச் சந்தேகிக்கும் பேச்சல்ல. பாவித்ததை வாங்கியவருக்கே தன் பொருளின் முழுக்கதை தெரிந்திருக்காது.

பயனற்ற மூன்று சோதனைகள்

முதல் நாள் வீட்டில் கூடியிருந்தவர்கள் மூன்று விதமாகச் சோதித்தார்கள். மூன்றும் எதையும் நிறுவவில்லை.

ஒன்று, கையில் தூக்கிப் பாரம் பார்த்தார்கள். இந்தக் காலத்து நகல்களும் திண்ம எஃகில்தான் வருகின்றன. அந்தக் காலத்து ஜுபிலி செயினின் நடுக்கண்ணிகளோ உட்குழிவானவை. ஆகவே உண்மையான பழைய மணிக்கூடு நகலைவிட இலேசாகக்கூட இருக்கலாம்.

இரண்டு, செக்கன் முள் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதா என்று பார்த்தார்கள். 3135 மெஷின் மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது செக்கனுக்கு எட்டு. முள் எட்டுச் சிறு துள்ளலாக நகர்வதால் கண்ணுக்கு வழுக்குவதுபோலத் தெரிகிறது. நகல்களில் பூட்டும் மெஷின்கள் பலவும் இதே 28,800இல் ஓடுகின்றன. பற்றரி மணிக்கூடு அல்ல என்பதைத் தவிர இந்தச் சோதனை வேறொன்றும் சொல்லாது.

மூன்றாவது பத்திரம். அது 1991ஆம் ஆண்டுத் திகதியிட்ட கடதாசிப் பத்திரம், இலக்கம் சிறு துளைகளாகக் குத்தப்பட்டது. அக்கால முறை அதுவேதான். ஆனால் பத்திரம் தனியாகவும் விலைப்படும், போலியாகவும் அச்சாகும். மணிக்கூட்டின் உடலில் உள்ள இலக்கத்தோடு ஒப்பிடும்வரை அது ஒரு கடதாசி மட்டுமே.

செயினைக் கழற்றியதும் பேசிய இலக்கம்

இந்த வயது ரோலெக்ஸில் தொடரிலக்கம், ஆறு மணிப் பக்கம் செயின் பூட்டும் இரு காதுகளுக்கும் நடுவே உடலில் பொறிக்கப்பட்டிருக்கும். மொடல் இலக்கம் பன்னிரண்டு மணிப் பக்கம். செயின் மறைப்பதால் கழற்றினால்தான் தெரியும். காதுகளின் வெளிப்புறத்தில் ஊசித்துளை உள்ள உடல் இது, மெல்லிய ஊசிமுனையால் உள்ளிருக்கும் வில்லூசியை அமுக்கினால் செயின் வந்துவிடும். அதற்கு முன் காதுகளின் மேல் கடதாசி டேப் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் கழற்றி ஒரு கீறல் விழுந்தால் விற்பவரோடு சண்டைதான் மிச்சம்.

நகைக்கடையில் இரவல் வாங்கிய பத்து மடங்கு லென்ஸில் பார்த்தார்கள். கோடுகள் கூராகவும் ஆழமாகவும் ஒளிபட மின்னுவனவாகவும் இருந்தன. நகலில் அமிலத்தால் அரித்த எழுத்து மணல் தூவியதுபோல் சொரசொரத்திருக்கும். இலக்கம் ஆங்கில ‘எக்ஸ்’ எழுத்தில் தொடங்கியது. அது ஏறத்தாழ 1991க்குரிய வரிசை. பத்திரத்தின் இலக்கத்தோடும் ஒவ்வொரு எண்ணாக ஒத்துப்போனது. (2010க்குப் பிறகு எழுத்தும் எண்ணும் ஒழுங்கின்றிக் கலந்து வருவதால், புதிய மணிக்கூட்டில் இலக்கத்தை வைத்து ஆண்டு சொல்ல இயலாது.)

இந்த இடத்தில் கூட்டத்தில் ஒருவர், “உள்வளையத்தில ரோலெக்ஸ் எண்டு எழுத்து இல்லை, இது டூப்” என்றார். அது தவறு. கண்ணாடிக்கும் டயலுக்கும் இடையிலுள்ள வளையத்தில் பெயர் பொறிக்கும் வழக்கம் 2000களின் நடுப்பகுதியில்தான் வந்தது. கண்ணாடியின் ஆறு மணிப் பக்கத்தில் கண்ணுக்கெட்டாத அளவில் கிரீடம் பொறிப்பதும் 2002 அளவில்தான் தொடங்கியது. இவை 1991 மணிக்கூட்டில் இல்லாததே இயல்பு. புதிய மணிக்கூட்டின் அடையாளங்களைப் பழையதில் தேடி நல்ல பொருளைத் தள்ளிவிடுவதும் நட்டம்தான்.

இருட்டறையில் தெரிந்தது

முதற் பிசகு டயலில் இருந்தது. ஆறு மணியின் கீழ், விளிம்பை ஒட்டி, மிகச் சிறிய எழுத்தில் ‘சுவிஸ் மேட்’ என்றிருந்தது. 1991இல் இருட்டில் ஒளிர டயலில் பூசியது ட்ரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பூச்சு. அதைக் காட்ட ‘சுவிஸ்’ என்ற சொல்லோடு ஆங்கில ‘ரி’ எழுத்தும் சேர்ந்து வரும். 1998 அளவில் ட்ரிடியம் கைவிடப்பட்டு, வெளிச்சத்தை உள்வாங்கி ஒளிரும் கதிரியக்கமற்ற பூச்சு வந்தது. முதலில் ‘சுவிஸ்’ என்று மட்டும், பிறகு ‘சுவிஸ் மேட்’ என்று எழுத்தும் மாறியது. ஆகவே 1991 உடலில் ‘சுவிஸ் மேட்’ டயல் இருந்தால் அது பின்னர் மாற்றியது.

உறுதிப்படுத்தப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. கைபேசி ரோச்சை டயலில் பத்துச் செக்கன் பிடித்துவிட்டு இருட்டறைக்குள் போனார்கள். டயலின் புள்ளிகள் பச்சையாக ஒளிர்ந்தன. முட்கள் இரண்டும் செத்துக் கிடந்தன. ட்ரிடியத்தின் அரைவாழ்வு, அதாவது வீரியம் பாதியாகும் காலம், ஏறத்தாழ 12.3 ஆண்டு. முப்பது ஆண்டு கடந்த பூச்சில் வீரியம் ஐந்திலொன்றுக்கும் கீழே போயிருக்கும். முட்கள் பழையவை, டயல் புதியது.

கம்பனியின் சொந்தச் சேவை நிலையம் டயலை மாற்றும்போது முட்களையும் சேர்த்தே மாற்றுவது வழக்கம். டயல் மட்டும் மாறியிருந்தால் வெளியார் கை பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, உள்ளே திறக்கும்போது கூடுதல் கவனம் வைக்க வேண்டும். லென்ஸில் டயலின் எழுத்து விளிம்பு சுத்தமாக இருந்தது. மீளப் பூசிய டயலில் எழுத்து தடித்துக் கசிந்திருக்கும். ஆக இது கம்பனி டயல், ஆனால் பிறந்தபோது இருந்த டயல் அல்ல. கட்டிக்கொண்டு திரிபவருக்கு இதில் குறை இல்லை. நாளை விற்கப்போனால், சேகரிப்பவர் இதற்கு விலை குறைப்பார்.

நகைக்கடைக்காரர் செய்யவிருந்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். விளிம்பு வளையம் 18 கரட்டா என்று அறிய உரைகல்லை எடுத்துவிட்டார். நல்லெண்ணம்தான். ஆனால் செதுக்கிய வரியின் கூர் ஒருமுறை மழுங்கினால் திரும்பி வராது. மணிக்கூட்டின் எந்தப் பாகத்தையும் உரைகல்லில் தேய்க்க விடக்கூடாது. தங்கத்துக்குப் பழகிய எங்கள் மனம் இங்கே இன்னொரு விதத்திலும் பிழைவிடும்: “காசு முடைப்பட்டால் அடைவு வைக்கலாம்தானே” என்று நினைக்கும். நகையை வங்கியில் அடைவு வைப்பதுபோல் மணிக்கூட்டை வைத்துக் காசு எடுக்க இயலாது. பவுணுக்கு அன்றன்றைய விலை உண்டு. மணிக்கூட்டுக்கு வாங்க ஆள் கிடைத்தால்தான் விலை.

கையால் பார்க்கக்கூடிய மிச்சம்

மணிக்கூட்டைப் பக்கவாட்டாகப் பிடித்து செயினைக் கிடையாக நீட்டினார்கள். அது வாழைநார் போலத் தொங்கியது. கண்ணிகளைக் கோத்த ஊசிகளும் அவை ஓடும் துளைகளும் தேய்ந்தால் இப்படி ஆகும். வியர்வையும் தூசும் சேர்ந்து அரைப்பசையாக மாறி உள்ளிருந்து அராவும், எங்கள் செம்மண் புழுதி இதற்கு நல்ல தீனி. கழுவினால் இந்தத் தேய்வு போகாது. குழாயும் ஊசியும் புதிதாகப் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

காதுகளின் விளிம்பு உருண்டிருந்தது. ஊசித்துளையின் வாய் ஒரு பக்கம் மெலிந்து முட்டைவடிவாகத் தெரிந்தது. ஒருமுறையாவது கடுமையாகப் பொலிஷ் பண்ணியிருக்கிறார்கள். போன உலோகம் போனதுதான், பளபளப்பு அதற்கு ஈடாகாது. விற்பவர் “புதுசு மாதிரி மினுங்குது” என்று சொன்ன அதே இடம்தான் விலை குறைய வேண்டிய இடம்.

காதோரம் வைத்து மெல்லத் திருப்பியபோது உள்ளே உலோகம் உரசும் ஒலி மெலிதாகக் கேட்டது. 3135இல் தானே முறுக்கும் பாரச்சக்கரம் குண்டுப் போளையில் ஓடுவதில்லை. கல் பதித்த துளையில் ஓர் அச்சில் சுழல்கிறது. எண்ணெய் வற்றினால் அச்சு தேயும், சக்கரம் சரியும், கீழே உள்ள பாலங்களில் உரசும். தொடர்ந்து ஓட விட்டால் உதிரும் உலோகத்தூள் மற்றச் சில்லுகளுக்குள்ளும் போகும்.

கடைசியாகத் திசைகாட்டிச் சோதனை. கைபேசியின் திசைகாட்டியைத் திறந்து மணிக்கூட்டை மேலே கொண்டுவந்தார்கள், முள் ஆடியது. காந்தம் ஏறியிருக்கிறது. விற்பவர் வீட்டில் அதை ஸ்பீக்கர் பெட்டிக்கு மேல் வைத்திருந்தார்கள். காந்தம் ஏறினால், ஓட்டத்தைச் சீராக்கும் மெல்லிய சுருளான மயிர்வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கூடு வேகமாக ஓடும். காந்தம் நீக்கும் கருவியில் சில செக்கனில் தீரும் குறை இது, விலை பேசக் காரணமாகாது. ஆனால் நீக்காமல் ஓட்டத்தை அளந்தால் அளவு முழுதும் பிழை.

மேசைக்குப் போகாமல் காசில்லை

இதுவரை கண்டது முழுக்க வெளிப்புறம். 3135 மெஷினையே பார்வைக்கு ஒத்ததாகச் செய்த நகல்கள் உண்டு, அதனால் பின்மூடியைத் திறக்காமல் முடிவெடுக்க இயலாது. ரோலெக்ஸின் பின்மூடி விளிம்பில் பல்வரி கொண்ட திருகுமூடி, அதற்குப் பொருந்தும் அளவுக் கருவி வேண்டும். குறடு போட்டுத் திறந்தால் பல்வரி சிதையும். ஓட்டத்தை அளக்கும் கருவியும் நீர்புகாச் சோதனைக் கருவியும் உள்ள வேலைமேசை தேடிக் கொழும்புக்குப் போவதென்று முடிவானது, ஏறத்தாழ 330 கிலோமீற்றர்.

போகும் முன் ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டார்கள்: முற்பணம் ஒரு இலட்சம், போலி அல்லது உள்ளே ஒவ்வாத பாகம் கண்டால் முழுதும் திரும்பும், அப்படியானால் சோதனைக் கூலி விற்பவருடையது, இல்லையேல் வாங்குபவருடையது. இருவரும் ஒன்றாகப் போவார்கள், மணிக்கூடு விற்பவரின் கையில் இருக்கும். இந்தக் கடைசி வரி முக்கியம். தனியாகக் கொடுத்தனுப்பி, திரும்பி வந்ததும் “இது என்ர டயல் இல்லை” என்று பேச்சு எழுந்தால் தீர்க்க வழியே இல்லை.

திறந்ததும் பின்மூடியின் உட்புறத்தில் பழுதுபார்த்தவர்கள் ஊசியால் கீறிய சிறு குறிகள் தெரிந்தன. கடைசிக் குறியின் ஆண்டு 2009. மெஷின் உண்மையானது: இங்குமங்கும் வீசி நேரத்தை அளக்கும் சமநிலைச் சில்லை இரு பக்கமும் தாங்கும் முழுப்பாலம், சில்லின் உள்விளிம்பில் ஓட்டத்தைச் சரிசெய்யும் சிறு திருகுமரைகள், மேலே வளைத்துவிட்ட மயிர்வில். வேகம் கூட்டிக் குறைக்கும் நெம்பு இல்லை, இந்த மெஷினில் இருக்கவும் கூடாது. பாரச்சக்கரத்தின் அடியில் அரைவட்டமாக உரசல் தடம் தெரிந்தது. காதில் கேட்டது சரிதான்.

காந்தம் நீக்கி, பக்கத்திலுள்ள முறுக்கும் குமிழைக் கையால் நாற்பது சுற்று முறுக்கி, கருவியில் வைத்தார்கள். இந்த மெஷினுக்குரிய தூக்குக்கோணம் (ஒவ்வொரு தள்ளலின்போதும் சமநிலைச் சில்லு திரும்பும் கோணம்) 52 பாகை என்று கருவிக்கு முதலில் சொல்ல வேண்டும். அது பிழைத்தால் வீச்சின், அதாவது அந்தச் சில்லு ஒரு பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்பதன், அளவு பிழைக்கும். டயல் மேலே பார்க்க வீச்சு 252 பாகை, கீழே பார்க்க 248. குமிழ் கீழே இருக்க நிமிர்த்திப் பிடித்தால் 214. நாளுக்குரிய வேறுபாடு நிலைக்கு நிலை +7 செக்கனிலிருந்து −9 செக்கன்வரை, 16 செக்கன் விரிவு. ஒரு நாள் கழித்துக் கிடையாகவே 205தான்.

முழுதாக முறுக்கிய நல்ல மெஷின் கிடையில் 270இலிருந்து 310வரை வீச வேண்டும். நிமிர்ந்த நிலையில் 220க்குக் கீழே போனால் சேர்விஸ் காலம் கடந்துவிட்டது. எண்ணெய் வற்றிப் பிசினாகி, பிரதான வில்லின் பலம் சமநிலைச் சில்லுக்கு வந்து சேராமல் வழியிலேயே உராய்வில் கரைகிறது. நேரம் மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. கூடுதலும் குறைதலும் ஒன்றையொன்று ஈடுசெய்து, மணிக்கூடு நாளுக்கு ஓரிரு செக்கனுக்குள் நல்ல பிள்ளையாகவே நிற்கும். “நேரம் சரியா காட்டுது” என்பது மெஷினின் உடல்நலத்துக்குச் சாட்சி அல்ல.

நீர்ச்சோதனையில் குமிழ்க் குழாய்ப் பக்கம் தோற்றது. இந்த மொடலுக்கு 100 மீற்றர் என்று கம்பனி சொன்னது புதிதாக இருந்தபோது. கண்ணாடி, பின்மூடி, குமிழ் ஆகிய மூன்று இடத்து ரப்பர் வளையமும் வெயிலிலும் வியர்வையிலும் இறுகி வெடிக்கும். இதே மணிக்கூட்டோடு கிணற்றடியில் ஒருநாள் குளித்திருந்தால் டயல் போயிருக்கும்.

திருட்டுப் பொருளா என்பதையும் இலக்கத்தை வைத்துப் பார்த்தார்கள். ‘த வொச் ரெஜிஸ்டர்’ கட்டணத்துக்குத் தேடித்தரும். 2023இல் தொடங்கிய ‘என்குவிரஸ்’ இணையத்தளம் இலவசம். இரண்டிலும் பதிவு இல்லை. பட்டியலில் இல்லாததால் மட்டும் பொருள் சுத்தம் என்று ஆகாது, ஆனால் பட்டியலில் இருந்தால் பேச்சு அங்கேயே முடிகிறது.

நாலு இலட்சத்தின் கணக்கு

கழிவைப் பேரமாகப் பேசாமல் வேலைக்கூலியாகப் பேசினார்கள். முழுச் சேர்விஸ், பாரச்சக்கர அச்சு, குமிழ்க் குழாய், ரப்பர்கள் எல்லாம் சேர்த்து மேசையில் எழுதித் தந்த மதிப்பீடு 2,30,000. செயினுக்கு 90,000. டயல் மாறியதற்கு 60,000, பொலிஷில் போன உலோகத்துக்கு 30,000. முதல் இரண்டும் கடைக் கணக்கு, பின் இரண்டும் இணங்கிக்கொண்ட தொகை. கூட்டினால் 4,10,000. முடிவான விலை 12,40,000.

விற்பவருக்கு முகம் வாடியது உண்மை. ஆனால் அளவுத்தாளும் மதிப்பீடும் முன்னால் இருந்ததால் உறவு கெடவில்லை. வெறும் வாய்ப்பேச்சில் நாலு இலட்சம் குறைக்கக் கேட்டிருந்தால் கட்டாயம் கெட்டிருக்கும்.

இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்பவருக்கு வேறொரு வழி உண்டு. 2022 டிசம்பரில் ரோலெக்ஸ் தன் அங்கீகரித்த விற்பனையாளர் ஊடாகச் சான்றளித்த பழைய மணிக்கூடுகளை விற்கத் தொடங்கியது. தொடக்க விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு பழையவை, இரண்டு ஆண்டு உத்தரவாதத்தோடு. வெளிநாட்டில் உள்ள உறவினர் வாங்கித் தரலாம். வெளிச்சந்தையைவிட விலை கூடும். அந்தக் கூடுதல், மேலே சொன்ன பயணம், சோதனை, சேர்விஸ் மூன்றின் கூட்டுத்தொகைக்கு அண்மையில் நின்றால் கொடுப்பதே நல்லது.

காசு முற்பணம் போக வங்கி ஊடாகவே மாறியது. பற்றுச்சீட்டில் மொடல், தொடரிலக்கம், திகதி, தொகை, விற்பவரின் கடவுச்சீட்டு இலக்கம், இரு சாட்சிக் கையொப்பம். பெட்டியும் பத்திரமும் அதே இடத்தில் கைமாறின.

சேர்விஸ் முடிந்து வந்தபோது கிடையில் 292, நிமிர்ந்து 261, விரிவு 5 செக்கன். நீர்ச்சோதனையும் தேறியது. இனி ஆலைக்காரர் கவனிக்க வேண்டியது தன் தொழிலைத்தான். நெல்லில் ஆணியும் கம்பியும் பிடிக்க வைத்திருக்கும் காந்தத்தின் அருகே கையைக் கொண்டுபோகக்கூடாது. லாண்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) பிடிக்கும் நாளில் மணிக்கூடு வீட்டில் இருக்கட்டும், கைப்பிடியின் அதிர்வு அச்சுகளுக்கு ஆகாது. தவிடும் புழுதியும் படிந்த செயினை வாரம் ஒருமுறை மென்மையான பற்தூரிகையும் சோப்புநீரும் கொண்டு கழுவ வேண்டும், கழுவும் முன் குமிழ் திருகி இறுகியிருக்கிறதா என்று பார்த்த பிறகு. ரப்பரை ஆண்டுக்கொருமுறை சோதிக்க வேண்டும்.

பற்றுச்சீட்டின் அடியில் விற்பவரே தன் கையால் ஒரு வரி சேர்த்து எழுதினார்: “டயல் 1998க்குப் பிந்தியது, முட்கள் பழையவை, இது வாங்குபவருக்குச் சொல்லப்பட்டது.” அந்தத் தாள் இப்போது 1991 பத்திரத்தோடு பெட்டிக்குள் இருக்கிறது, அடுத்து வாங்குபவரும் வாசிக்கும்படி.